சித்தியும் விசாரணைக் கமிஷனும்

எங்கள் சித்தி குடைக் கம்பெனியில் வேலை பார்த்தாள். அம்மாவுக்குக் கூடப்பிறந்தவள் அவள் ஒருத்திதான். தாத்தா போய்ச் சேர்ந்த பிறகு, ஒரு பெட்டியும் ஒரு பூந்தொட்டியுமாக எங்கள் வீட்டுக்கு வந்தவள் அப்படியே தங்கிவிட்டாள். முன்னறையில் ஜன்னலோரக் கட்டில் அவளுடையது. எனக்குக் காய்ச்சல் வந்தால் மட்டும் அது என்னுடையதாகிவிடும்.

கம்பெனி எங்கள் தெருமுனையிலிருந்து நடக்கிற தூரம்தான். கீழே முதலாளியின் அறை, மேலே ஒரு நீளக் கூடம். ஒரு பக்கம் துணி வெட்டுகிற மேஜை, நடுவில் தையல் மிஷின்கள், கடைக்கோடியில் கண்ணாடித் தடுப்பு போட்ட சின்ன அறை. அதைத் தண்ணி ரூம் என்பார்கள். மேலே ஓட்டை போட்ட குழாய் ஓடும். திறந்துவிட்டால் அடைமழை மாதிரி கொட்டும். தைத்து முடித்த குடைகளில் அங்கொன்று இங்கொன்றாக எடுத்து விரித்து, அந்த மழைக்கு அடியில் நின்று, தையல் வழியே ஒழுகுகிறதா என்று அண்ணாந்து பார்ப்பதுதான் சித்தியின் வேலை. ஒழுகினால் அந்த இடத்தில் துணி கிளிப்பை மாட்டித் திருப்பி அனுப்புவாள். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது விரல் நுனியெல்லாம் சுருங்கி வெளுத்திருக்கும். அந்தக் கையால் என் கன்னத்தைப் பிடித்தால் சில்லென்று இருக்கும்.

மழைக்காலத்தில் பாதி நாள் நனைந்துகொண்டேதான் வருவாள். "ஊருக்கெல்லாம் குடை குடுக்கிற மகராசி, தனக்கு ஒண்ணு எடுத்துக்க மாட்டா" என்பார் அப்பா.

கம்பெனியில் ஒரு மேனேஜர் இருந்தார். முன்வழுக்கை, மூக்கின் நுனிவரை இறங்கிய கண்ணாடி, சட்டைப் பையில் எப்போதும் ரெண்டு பேனா. கையை ஓங்க மாட்டார், கெட்ட வார்த்தை பேச மாட்டார். ஆனால் பக்கத்தில் வந்து நின்று, குரலைத் தாழ்த்தி, ஒவ்வொருத்தி வாயையும் கிளறுவார். உன் புருஷன் குடிப்பானா? மாமியாரோடு ஏன் சண்டை? ரெண்டாவது குழந்தை எப்போது? லீவு கேட்டால் என்ன உடம்பு, எத்தனாவது நாள் என்பதுவரை போவார். பதில் சொல்லாவிட்டால் லீவு கிடைக்காது. சொன்னாலோ, அடுத்த நாள் அது கூடம் முழுக்கத் தெரிந்திருக்கும். பெண்கள் அவருக்கு 'விசாரணைக் கமிஷன்' என்று பெயர் வைத்திருந்தார்கள். சுருக்கமாகக் கமிஷன்.

சித்திக்கு அப்போது முப்பது தாண்டியிருந்தது, கல்யாணம் ஆகவில்லை. வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று. போதாக்குறைக்குத் தண்ணி ரூமில் குழாய்ச் சத்தம் காதைப் பிளக்கும். அங்கே என்ன கேட்டாலும் வெளியே யாருக்கும் கேட்காது. தினமும் ஒரு நடை வந்துவிடுவார்.

இதெல்லாம் எங்களுக்கு எப்படித் தெரியும் என்றால், ராத்திரிச் சாப்பாட்டில் சித்தியே சொல்வாள். தட்டை வைத்துக்கொண்டு நாலு பேரும் தரையில் உட்காருவோம்.

"இன்னைக்கு கமிஷன் என்ன கேட்டுச்சு?" என்று அப்பா ஆரம்பிப்பார்.

"ஞாயித்துக்கெழமை எங்க போறே, யாரோட போறேன்னு கேட்டாரு அத்தான்."

"நீ என்ன சொன்னே?"

"துணி துவைக்கிறேன்னேன்."

"அட, இது ஒரு பதிலா? இரு." அப்பா அம்மாவின் தையல் கண்ணாடியை எடுத்து மூக்கு நுனியில் மாட்டிக்கொள்வார். வயிற்றைத் தள்ளி, குரலைக் குழைத்து, "ஏம்மா, ஞாயித்துக்கெழமை எங்கே போறே?" என்று என்னிடம் கேட்பார். நான் சித்தியாக நடிக்க வேண்டும். "உங்க வீட்டுக்குத்தான் சார், உங்க சம்சாரம் வரச் சொன்னாங்க" என்று ஒருநாள் சொன்னேன். சித்திக்குப் புரையேறிவிட்டது. அம்மா அவள் தலையில் தட்டிக்கொண்டே தானும் சிரித்தாள். எங்கள் வீட்டில் அந்த வருஷங்களில் சிரித்த சிரிப்பு போல அப்புறம் நான் எங்கேயும் சிரித்ததில்லை. அடுப்படி விளக்கின் மஞ்சள் வெளிச்சமும் அப்பாவின் அந்தக் கண்ணாடியும் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கின்றன.

ஒருநாள் சித்தி வந்ததும், துவைத்து மடித்து வைத்திருந்த துணியை எடுத்துப்போய் மறுபடி துவைக்க ஆரம்பித்தாள். அப்பா வழக்கம்போலக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "ஏம்மா..." என்றார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

வெகுநேரம் கழித்து அம்மாவிடம் மட்டும் சொன்னாள். கதவுக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கும் அப்பாவுக்கும் கேட்டது. "உடம்புல ஏதாவது கோளாறா, அதான் எவனும் கட்டிக்கலையா, டாக்டர்கிட்ட காட்டினியான்னு கேக்குறாருக்கா."

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். "நாளைக்குக் காலையில வாசல்லயே நிறுத்தி நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்குறேன். இப்ப போய் அந்த ஆள் வீடு எங்கன்னு மட்டும் விசாரிச்சுட்டு வரேன்."

"வேண்டாம் அத்தான்" என்றாள் சித்தி. "நீங்க வந்து கேட்டா, அத்தான் எதுக்கு இவ்வளவு துள்ளுறாருன்னு அதுக்கும் ஒரு கதை கட்டுவாரு."

"அப்ப வேலையை விட்டுடு" என்றாள் அம்மா.

"நான் ஏன்க்கா விடணும்? எனக்கு அந்த வேலை பிடிச்சிருக்கு."

மறுநாள் நடந்ததை ஊசி அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். அவள் தையல் வரிசையில் முதல் மிஷின். உதட்டில் எப்போதும் ஊசியைக் கவ்விக்கொண்டிருப்பதால் அந்தப் பெயர். வேலை முடிந்து சித்தியோடு நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்றபடியே சொன்னாள்.

கமிஷன் மத்தியானம் தண்ணி ரூமுக்குப் போயிருக்கிறார். தலையைச் சாய்த்து ஏதோ கேட்டிருக்கிறார். சித்தி விரித்த குடையைக் கீழே வைத்தாள். கையை உயர்த்திக் குழாயை மூடினாள். அந்தக் குழாய் வேலை நேரத்தில் நின்றதே இல்லை. சத்தம் திடீரென்று நின்றதும் என்னவோ ஏதோவென்று எல்லாரும் மிஷினை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள்.

"சார், இப்பக் கேட்டதைத் திரும்பக் கேளுங்க" என்றாளாம் சித்தி. கத்தவில்லை. சாதாரணக் குரல்தான். "தண்ணிச் சத்தத்துல சரியா விழல."

"ஒண்ணுமில்லம்மா. வேலையைப் பாரு."

"வேலையைப் பத்தின்னா கேளுங்க சார், சொல்றேன். என் சொந்த விஷயம்னா, எல்லாருக்கும் கேக்குற மாதிரி கேளுங்க."

கமிஷன் பேனாவை எடுத்துப் பார்த்தார், திரும்ப வைத்தார், போய்விட்டார்.

அன்று ஊசி அக்காவையும் உட்கார வைத்துச் சாப்பிடும்போது சித்தியே அம்மாவின் கண்ணாடியை அப்பாவிடம் நீட்டினாள். "அத்தான், நீங்க கமிஷன். இன்னைக்கு நான்தான் நான்." அப்பா குரலைக் குழைத்து ஒரு கேள்வி கேட்டார். அவள் இல்லாத குழாயை எட்டித் திருகினாள். அப்பா வாயைத் திறந்தபடி, பேச்சு வராமல் உட்கார்ந்திருந்தார். நடிப்பா நிஜமா என்று எனக்குத் தெரியவில்லை. ஊசி அக்கா சிரித்ததில் அவள் தட்டு கவிழ்ந்தது.

கமிஷன் சும்மா விடவில்லை. அடுத்த வாரமே சித்தியைப் பெட்டி மடிக்கிற இடத்துக்கு மாற்றினார். அந்த வருஷம் சம்பளமும் கூடவில்லை. காய்ந்துபோன விரல்களைப் பார்த்து அவள் பெருமூச்சு விட்டதை நான் பார்த்திருக்கிறேன். தண்ணி ரூமை அவ்வளவு பிடித்திருந்தது அவளுக்கு.

ஆனால் கூடத்தில் வேறொன்று ஆரம்பித்திருந்தது. கமிஷன் எந்தப் பெண்ணின் காதருகே குனிந்தாலும், அந்தப் பெண் தன் மிஷினை நிறுத்திவிடுவாள். பக்கத்து மிஷின் நிற்கும். அதற்கடுத்தது நிற்கும். ஒருநாள் கூடம் முழுக்க அமைதியானதும், கரண்ட் போய்விட்டதோ என்று முதலாளி மாடியேறி வந்துவிட்டார்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

ஊசி அக்காதான் உதட்டிலிருந்து ஊசியை எடுத்துவிட்டு, "சார் என்னமோ கேட்டாரு, மிஷின் சத்தத்துல விழல. அதான் நிறுத்தினோம்" என்றாள்.

முதலாளி மேனேஜரைப் பார்த்தார். "என்ன கேட்டீங்க?"

கமிஷன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதலாளி அவரைக் கீழே கூட்டிப்போனார். என்ன பேசினார்கள் என்று தெரியாது. அதன்பிறகு மேனேஜர் வரிசைக்கு அந்தப் பக்கம் நின்றே பேசினார், வேலையை மட்டுமே பேசினார். "கமிஷனைக் கலைச்சுட்டாங்க, அறிக்கை தாக்கல் ஆகல" என்றார் அப்பா. கொஞ்ச நாளில் சித்தி தண்ணி ரூமுக்கே திரும்பினாள். வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தாள்.

ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று அவளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இப்போது ஊசி அக்காவோடு ஒரு சின்ன வீட்டில் இருக்கிறாள். ரெண்டு பேரும் காலையில் சண்டை, சாயங்காலம் சினிமா. எங்கள் பழைய வீட்டை விற்றாகிவிட்டது. அப்பாவும் இல்லை.

போன மாதம் போன் செய்தாள். கண் ஆஸ்பத்திரியில் கமிஷனைப் பார்த்தாளாம். ஒரு கண்ணில் கட்டோடு பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாராம்.

"நல்லா இருக்கியாம்மான்னு கேட்டாரு. நல்லா இருக்கேன் சார்னேன். அதுக்கு மேல ஒரு வார்த்தை கேக்கலைடி. கட்டு போட்டிருக்கு, கூட்டிட்டுப் போக மகன் வரலைன்னு அவரா சொன்னாரு."

"நீ என்ன கேட்டே?"

"ஒண்ணும் கேக்கல. கேட்டிருந்தா எல்லாத்தையும் சொல்லியிருப்பாருன்னு தோணுச்சு, பாவம். அதான் ஒரு டீ வாங்கிக் குடுத்து, ஆட்டோ ஏத்திவிட்டுட்டு வந்தேன்."

அப்பா இருந்திருந்தால், இந்தக் கதை கேட்ட ராத்திரி தட்டுக்கு முன்னால் பேசிக்கொண்டே இருந்து, நாங்கள் எழுந்து கைகழுவ ரொம்ப நேரமாகியிருக்கும்.