தூண் இல்லாத தூணடி

காலிமுகத்திடலில் ஒரு தரமாவது தொலைந்து போகாத பிள்ளை அந்த நாளில் கொழும்பில் இருந்திருக்காது. அத்தனை பெரிய வெளி, அத்தனை சனம். அதற்காகவே எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. கை நழுவிவிட்டால் அழாமல், ஓடாமல், தூணடிக்குப் போய் நிற்க வேண்டும். தேடுகிறவர்கள் அங்கே வந்து சேர்வார்கள். முதலாம் உலகச் சண்டைக்குப் போய்த் திரும்பி வராதவர்களின் நினைவாக வெள்ளைக்காரர் எழுப்பிய தூண் அது. மரமில்லாத அந்த வெளியில் நிழல் என்று இருந்ததும் அதற்கு மட்டும்தான். பின்னேரம் அது நீண்டு விழும்போது கடலைக்காரர், ஆயாமார், கந்தோர் வேலை விட்டு வந்தவர்கள் எல்லாரும் அதற்குள் ஒரே வரிசையாக அமர்வார்கள். நிழல் நகர நகரத் தாங்களும் நகர்வார்கள்.

அம்மாவின் தங்கை, எங்கள் சின்னம்மா, வெள்ளவத்தையில் எங்களோடு இருந்தாள். கலியாணம் முடிந்த கையோடு சித்தப்பா கிளாக்கர் வேலைக்கு மலாயாவுக்குப் போய்விட்டார்; அவர் முகம்கூட எனக்கு நினைவில்லை. "கப்பலால இறங்கினதும் நேரே தூணடிக்குத்தான் வருவன். நீர் அங்க நில்லும்" என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனாராம். அதிலும் நியாயம் இருந்தது. நாங்கள் வாடகை வீடு தேடி ஒழுங்கை ஒழுங்கையாக மாறிக்கொண்டிருந்தவர்கள். தூண் எங்கே போய்விடும்?

அடுத்த சண்டை மூண்டு, சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போனது. சித்தப்பாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. குண்டுக்குப் பயந்து அயலில் பாதிப் பேர் யாழ்ப்பாணத்துக்கு ரயிலேறினார்கள். சின்னம்மா மாட்டேன் என்றாள். பின்னேரமானால் முகம் கழுவி, பொட்டைப் பெரிதாக வைத்து, என் கையைப் பிடித்துக்கொண்டு தூணடிக்குப் புறப்பட்டுவிடுவாள்.

அப்படியிருக்கத்தான் தூணைக் கழற்றினார்கள். கடலில் வருகிற ஜப்பான்காரன் அதைக் குறியாக வைத்துக் கொழும்பை அடிப்பானாம். அரசாங்கக் கந்தோரில் வேலை பார்த்த, என்னைப் பெற்ற ஐயாவுக்கு அன்று முதல் அது இராச ரகசியம் ஆகிவிட்டது. "ஆர் கேட்டாலும் இஞ்ச தூண் நிண்டதெண்டு சொல்லக்கூடாது. ஒற்றன் எந்த வேசத்திலயும் வருவான்" என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். கொழும்பு முழுக்கத் தெரிந்த ரகசியத்தைக் காக்கும் பொறுப்பு ஒரு சின்னப் பெட்டையின் தலையில் விழுந்தது.

தூண் போன பிறகும் சின்னம்மா போனாள். அவள் என்னைக் கூட்டிப்போன ஒரு பின்னேரம் கண்டது இது. சனம் வழமை போல வரிசையாக உட்கார்ந்திருந்தது. மேலே தூண் இல்லை, நிலத்தில் நிழல் இல்லை. நிழல் விழுந்த அதே கோட்டில், முகத்தில் வெயில் அடிக்க இருந்தார்கள். வெயில் சாயச் சாய, முன்னைப் போலவே மெல்ல நகர்ந்தார்கள்.

மலாயாவிலிருந்து தப்பி வந்தவர்கள் போலச் சிலர் கடலோரச் சுவரடியில் நின்றார்கள். அவர்களிடம் விசாரிக்கப் போன சின்னம்மா, தூண் நின்ற வெறும் மண்ணில் என்னை நிறுத்தி, "இதில நில். அசையாத" என்றாள்.

அப்போதுதான் அந்த மனிதர் வந்தார். வெள்ளைக் கோட்டும் லோங்ஸ் காற்சட்டையும்; வெள்ளவத்தையில் பாதி ஆண்கள் அப்படித்தான் உடுத்தார்கள். லோங்ஸ் முழங்கால் வரை நனைந்து ஒட்டிப்போயிருந்தது. மடக்கிய குடையைப் பிடரியில் குறுக்காக வைத்து, காவடி எடுக்கிறவர் மாதிரி இரண்டு கைகளையும் அதன்மேல் போட்டிருந்தார். அண்ணாந்து ஆகாயத்தைப் பார்த்தார். என்னைச் சுற்றி ஒரு வட்டம் நடந்தார். வரிசையில் இருந்த ஒருவரும் தலை நிமிரவில்லை.

"பிள்ளை, இஞ்ச ஒரு தூண் நிண்டதல்லோ?"

களைத்துப்போன குரல். ஐயா சொன்ன ஒற்றன் இவன்தான்.

"இஞ்ச தூண் ஒண்டும் நிக்கேல்லை" என்றேன்.

"அப்ப நான்தான் இடம் பிழைச்சு வந்திட்டன் போல." கோபமில்லாமல் சொல்லிவிட்டுக் கடற்பக்கம் நடந்தார்.

சுவரடியில் ஒரு செய்தியும் கிடைக்காமல் சின்னம்மா திரும்பி வந்தாள். ஒற்றனை ஏமாற்றி அனுப்பிய பெருமை எனக்கு வாய்க்குள் நிற்குமா? எல்லாவற்றையும் சொன்னேன். அவளுடைய குடையை வாங்கி, அந்த ஆள் வைத்திருந்தபடி என் பிடரியில் வைத்தும் காட்டினேன். அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"எந்தப் பக்கம் போனவர்?"

"கடல் பக்கம்."

இரண்டு பேரும் பார்த்தோம். சுவருக்கு அப்பால் அலைதான் அடித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் அவள் நெற்றியில் பொட்டைக் காணவில்லை. "என்னடி இது வெறும் நெத்தி?" என்று அம்மா அதட்டினாள். "வேர்வையில அழிஞ்சு போச்சக்கா" என்றாள். அதற்குப் பிறகு எல்லா நாளும் வேர்வைதான். அம்மாவும் ஏசி ஏசிக் களைத்தாள். தூணடிக்குப் போவோமா என்று நான் கேட்டால், "இனி என்னத்துக்கு" என்பாள் சின்னம்மா.

சண்டை முடிந்த பிறகு மலாயாவிலிருந்து ஊர்க்காரர் ஒருவர் வந்தார். சிங்கப்பூர் விழுவதற்குச் சற்று முன் புறப்பட்ட கப்பலொன்றில் சித்தப்பா ஏறியதைத் தன் கண்ணால் கண்டதாகச் சொன்னார். "ஏறேக்க, தூணடியில ஆள் நிப்பா எண்டு சொல்லிச் சிரிச்சவர்" என்றார். அந்தக் கப்பல் எந்தக் கரையையும் சேரவில்லை. கேட்டதும் வீடே குழறி அழுதது. அம்மா அழுதபடி ஓடிப்போய், முறைப்படி பொட்டை அழிக்கச் சின்னம்மாவின் நெற்றிக்குச் சேலைத் தலைப்பைக் கொண்டுபோனவள், அப்படியே நின்றுவிட்டாள். அழிக்க அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

வேர்வையில் அழிந்ததென்றுதான் நான் அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.