காய்ச்சல் விட்டதும் பயந்த டாக்டர்

வெங்காய மண்டியில் ஈர வெங்காயத்தைப் பரப்பிக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். லாரி டிரைவர் ஒருவன் இறங்கி வந்து, "பெரியவரே, டாக்டர் சபாபதி போயிட்டாராம். காலையில எழுப்புனா எந்திரிக்கலயாம்" என்றான். இனிமேல் காய்ச்சல் விட்டால் யாரிடம் ஓடுவது என்ற பயம்தான் முதலில் வந்தது. அழுகை அதற்குப் பிறகுதான்.

படத்திறப்புக்கு வரும் நீங்கள் எல்லோரும் அவரிடம் வைத்தியம் பார்த்தவர்கள், திட்டும் வாங்கியவர்கள். நான் எழுத்து அறியாதவன். நான் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு வாத்தியார் எழுதித் தருகிறார். டாக்டரின் படிப்பைப் பற்றிச் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் அருகில் நின்று பார்த்ததைச் சொல்கிறேன்.

அரியலூரைத் தனி மாவட்டமாக்கி, திரும்பவும் பெரம்பலூரோடு சேர்த்த வருஷம். ஐப்பசி மழை. உடையார்பாளையத்தில் கட்டிக்கொடுத்த என் மகள் தனலட்சுமிக்கு அடங்காத காய்ச்சல். எலும்பெல்லாம் முறிகிறது என்று புரண்டாள். பெரம்பலூருக்குக் கொண்டுவந்து டாக்டரிடம் சேர்த்தோம். அவர் பிரஷர் பார்க்கும் பட்டையை அவள் கையில் இறுக்கிக் கட்டி, சற்று நேரம் வைத்திருந்து அவிழ்த்தார். தோலுக்கடியில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள். "டெங்கு மாதிரி தெரியுது" என்றார். நோயைக் கண்டுபிடித்த சந்தோஷம் குரலில் இல்லை.

ஒரு காலையில் காய்ச்சல் விட்டது. எங்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "காச்ச வுட்டுருச்சு சம்பந்தி, வூட்டுக்குக் கூட்டிட்டுப் போயி தலைக்குத் தண்ணி ஊத்திருவோம்" என்றார் சம்பந்தியம்மா. வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரைத் தலைக்கு ஊற்றி, ரசம் சோறு கொடுத்தால்தான் எங்கள் பக்கம் நோய் முடிந்ததாகக் கணக்கு. நான் காருக்குச் சொல்லிவிட்டேன்.

டாக்டர் வந்தார். "யாருய்யா காரு வரச் சொன்னது?"

"நாந்தாங்க சார். காச்ச இல்லீங்களே."

"அதான் எனக்குப் பயமா இருக்கு."

சம்பந்தியம்மா விடவில்லை. "காச்ச இருந்தாலும் பயம், இல்லாட்டியும் பயமா? உங்க கட்டிலு காலியாயிரும்னு பாக்குறீங்களா?"

"ஆமாம்மா, கட்டிலுக்கு ஆள் புடிச்சிட்டுத்தான் திரியறேன். பேசினது போதும், உங்க மருமக கையைத் தொட்டுப் பாருங்க."

தொட்டவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். கிணற்றுத் தண்ணீர் போல் சில்லென்று இருந்தது.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "கபடி ஆடியிருக்கியா? பாடி வர்றவனை எப்படிப் புடிப்பீங்க?"

"கை கோத்து நிப்போங்க."

"ரத்தக்குழாயோட உள்பக்கம் பூரா கண்ணுக்குத் தெரியாத செல்லுங்க அப்படித்தான் கோத்துக்கிட்டு நிக்குது. அந்தக் கை ஒரு புரதம். இந்த நோயில காய்ச்சல் இறங்குற நேரம் பாத்து அது நழுவும். இடுக்கு வழியா ரத்தத்துல இருக்குற தண்ணி வயித்துக்கும் நெஞ்சுக்கும் கசியும். ரத்தம் கெட்டியாகி நாடி விழுந்துரும். பாக்குறவனுக்குக் காய்ச்சல் விட்ட மாதிரிதான் இருக்கும்."

காரைத் திருப்பி அனுப்பினேன். உச்சிவேளைக்குள் தனலட்சுமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தாள். நாடி நூலாக இளைத்துவிட்டது என்று நர்ஸ் ஓடிவந்து சொன்னார். டாக்டர் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சலைன் ஏறியது. ரத்தம் கெட்டியாகிறதா, இளகுகிறதா என்று திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தார். வேறு நோயாளியைப் பார்க்கப் போனாலும் வராண்டாவிலிருந்தே, "ஒண்ணுக்குப் போனாளா?" என்று கத்துவார். நீர் பிரிந்தால் ரத்த ஓட்டம் சீராகிறது என்று அர்த்தமாம். "இந்த மனுசனுக்கு வேற கேள்வியே தெரியாதா?" என்று முனகிய சம்பந்தியம்மா, மாலையில், "போயிட்டா சார்!" என்று வராண்டா முழுக்கக் கேட்கும்படி கூவினார். டாக்டர் அப்போதுதான் டீ குடித்தார்.

மறுநாள் நாடி நிமிர்ந்தது. உடனே சலைனைக் கழற்றச் சொன்னார். எனக்கு மனசு ஒப்பவில்லை. பாட்டில் ஏறினால்தானே தெம்பு?

"கிழிஞ்ச நாரா கெடக்குறா. இன்னும் ஒரு பாட்டிலு போடுங்க சார்."

"கை மறுபடி கோத்துக்கிச்சுய்யா. கசிஞ்ச தண்ணி தானா ரத்தத்துக்குத் திரும்புது. இப்ப மேல ஊத்துனா நுரையீரல்ல போயி நிக்கும். ஊத்துறதுக்கு நர்ஸ் போதும், நிறுத்துறதுக்குத்தான் நான்."

மூச்சு முட்டுகிறதா என்று அவள் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். முட்டவில்லை. கஞ்சி கேட்டாள். வீட்டுக்கு அனுப்பும்போது, "இப்பப் போயி ஊத்துங்கம்மா, வேப்பெலை கூடவே போடுங்க" என்று சம்பந்தியம்மாவிடம் சொன்னார். டாக்டர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

பிறகு ஒருநாள், "கை திரும்பக் கோத்துக்கும்னு உங்களுக்கு அன்னிக்கே தெரியுங்களா?" என்று கேட்டேன். "தெரியாதுய்யா. சில பேருக்குக் கோக்கல."

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தப் பயம் ஒன்றுதான். அதைப் போக்கிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. இப்போது மாவட்டத்தை மறுபடி பிரித்துவிட்டார்கள். மழையும் விடவில்லை. எதிர்வீட்டுப் பெண்ணுக்கு இன்று காய்ச்சல் விட்டுவிட்டதாம். இங்கே கேட்கும்படி சிரித்துப் பேசுகிறார்கள். நான் போய் அவள் பக்கத்தில் உட்கார வேண்டும்.