முதலில் உங்கள் பீப்பாயைக் காட்டுங்கள்

மோசமான யோசனை எதையாவது படித்தால் ஸ்லாத்தினா கோலெவாவின் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். ஸ்லிவென் நகரில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் அவர். பயிற்சிக் காரில் அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. ஒருவர் இறங்கி அடுத்தவர் ஏறும் இடைவெளியில், சந்தைக்குப் பின்னால் வண்டியை நிறுத்திவிட்டு, சூரியகாந்தி விதையைக் கொறித்தபடி செல்போனில் தன் குழுவைத் திறப்பார். கெட்டுப்போன தண்ணீரில் வினிகரை ஊற்றிக் கிளறுங்கள் என்று யாராவது எழுதியிருப்பார்கள். உடனே கால் அழுத்தும். வண்டி நின்றுகொண்டுதான் இருக்கிறது என்பது காலுக்குத் தெரியாது.

குழுவுக்கு ஒரே வேலைதான்: குளிர்காலத்துக்குப் பீப்பாயில் கோஸ் புளிக்கவைப்பது. நவம்பர் பிறந்தால் ஊரில் பாதி பால்கனிகளில் நீலப் பீப்பாய்கள் வந்து உட்கார்ந்துவிடும். முழுக் கோஸாக அடுக்கி, உப்புத் தண்ணீர் நிரப்பி, பீப்பாயின் அடியிலிருக்கும் குழாயைத் திறந்து தண்ணீரைப் பிடித்து மறுபடி மேலே ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இவ்வளவுதான் விஷயம். இதில் இரண்டு பேர் ஒத்துப்போய் யாரும் பார்த்ததில்லை. சோளம் போடு என்பார் ஒருவர், பீட்ரூட் போடு என்பார் இன்னொருவர், கடைசியில் இருவரும் ஒருவர் மாமனாரை ஒருவர் இழுப்பார்கள். இவர்களை மேய்க்கும் நிர்வாகி ஸ்லாத்தினா.

அவர் போட்ட விதி ஒன்று உண்டு. யோசனை சொல்பவர் முதலில் தன் பீப்பாயின் படத்தைப் போட வேண்டும். ஸ்வெத்கோ என்றொருவர் எதைக் கேட்டாலும் நொடியில் நீளமாகப் பதில் எழுதி, "என் அனுபவத்தில்" என்று முடிப்பார். எல்லாம் ஏஐ எழுதிக் கொடுத்தது. ஸ்லாத்தினா படம் கேட்டார். வந்த படத்தில் பீப்பாயின் குழாய் மேலே, மூடிக்குப் பக்கத்தில் இருந்தது. அந்த மனிதருக்குப் பீப்பாயே இல்லை என்று அன்றைக்கு ஊரே சிரித்தது.

அதற்காக ஏஐயை அவர் ஒதுக்கிவிடவில்லை. முட்டிவலி, வரிக்கணக்கு, மருமகனுக்கு என்ன பரிசு வாங்குவது என்று எல்லாவற்றையும் அதனிடம் கேட்கிறார். அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'பீப்பாய் இல்லாதவர்'.

"அவருக்குப் பீப்பாய் இல்ல, பொறுமை இருக்கு. நம்மாளுங்களுக்குப் பீப்பாய் இருக்கு, பொறுமைதான் இல்ல. ரெண்டு பேரையும் வண்டியில ஏத்திக்குவேன், பிரேக்க மட்டும் யார்கிட்டயும் குடுக்க மாட்டேன்" என்பார்.

இந்த நவம்பர் முடிவில் குழுவில் ஒரு படம் வந்தது. போட்டவர் பெயரை மறைத்திருந்தார். பீப்பாய்த் தண்ணீர் கெட்டியாகி, கரண்டியிலிருந்து வெண்டைக்காய்க் குழம்புபோல நூல் விட்டுக்கொண்டிருந்தது. ஏஐ சொன்னபடி காற்றுப் புகாமல் மூடி வைத்தேன், இப்படி ஆகிவிட்டது, கிறிஸ்துமஸுக்கு வேண்டும், காப்பாற்றுங்கள் என்று எழுதியிருந்தார். குழு பாய்ந்து விழுந்தது. கொட்டு என்றவர்கள் பாதி, மெஷினைக் கேட்ட மூளையையும் சேர்த்துக் கொட்டு என்றவர்கள் மீதி.

ஸ்லாத்தினா பீப்பாயைப் பார்க்கவில்லை. பின்னால் தெரிந்த சன்னலைப் பார்த்தார். எதிர்ச்சுவரில் பாதி உரிந்த செருப்புக்கடை விளம்பரம். தினமும் காலையில் காபியோடு தன் சமையலறையிலிருந்து பார்க்கும் அதே விளம்பரம், இதில் மட்டும் கொஞ்சம் மேலேயிருந்து தெரிந்தது. அன்று மாலையே ஒரு மாடி ஏறிப்போய் மெத்தோடியின் மணியை அடித்தார்.

மெத்தோடி ரயில்வேயில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி கிங்கா இத்தாலியில் ஒரு முதியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறார், இனி கிறிஸ்துமஸுக்குத்தான் வருவார். வருடாவருடம் அக்டோபர் கடைசியிலும் ஒருமுறை வந்து பீப்பாயை நிரப்பிவிட்டுப் போவார். இந்த வருடம் நீ வராதே, நானே போடுகிறேன் என்று மெத்தோடி வீரமாகச் சொல்லிவிட்டார். குழுவில் கேட்டிருக்கலாம். கிங்காவும் அதே குழுவில் இருக்கிறார். அதனால்தான் ஏஐ, அதனால்தான் மறைத்த பெயர். தினமும் போனில் பீப்பாய் எப்படி என்று கிங்கா கேட்க, பாட்டே பாடுகிறது என்று இவர் சொல்லிவந்தார். புதிதாகப் போட்டுப் புளிக்கவைக்க இனி நாளும் இல்லை. கதவைத் திறந்தவரின் முகத்தைப் பார்க்க ஸ்லாத்தினாவுக்கே பாவமாக இருந்தது.

மெத்தோடி ஏஐயிடம் என்ன கேட்டிருந்தார் என்று அவர் போனை வாங்கிப் பார்த்தார் ஸ்லாத்தினா. புளித்த கோஸ் செய்வது எப்படி என்று ஒரே வரி. அதுவும் நறுக்கிய கோஸைச் சாடியில் அமுக்கி மூடும் முறையைச் சுத்தமாகச் சொல்லியிருந்தது. அந்தச் சாடிக்கு அது சரிதான். மனிதர் அதை வரி பிசகாமல் முழுக்கோஸ் பீப்பாய்க்குச் செய்து, பீப்பாயை ஹீட்டருக்குப் பக்கத்திலும் வைத்திருந்தார்.

"எந்த ஊர்ல நிக்கறீங்கன்னு சொல்லாமலே வழி கேட்டிருக்கீங்க, அண்ணே" என்றார் ஸ்லாத்தினா.

பிறகு தானே உட்கார்ந்து ஏஐயிடம் எல்லாவற்றையும் சொன்னார்: முழுக் கோஸ், அடிக்குழாய், ஹீட்டர், நூல் விடும் தண்ணீர். கடைசியில் வழக்கம்போல, நான் சொல்லாமல் விட்டது என்ன என்று கேட்டார். நாற்றம் உண்டா, பூஞ்சை உண்டா, கோஸ் கெட்டியாக இருக்கிறதா என்று ஏஐ திருப்பிக் கேட்டது. மெத்தோடி தோள்வரை கையை விட்டு ஒரு கோஸை எடுத்து அழுத்தினார். கல்மாதிரி இருந்தது. நாற்றமும் இல்லை. அப்படியானால் தண்ணீரை வடித்து, கோஸைக் கழுவி, புது உப்புத் தண்ணீர் ஊற்றிக் குளிரில் வையுங்கள், தினமும் அடிக்குழாயில் தண்ணீரைப் பிடித்து மேலே ஊற்றுங்கள், மெத்தென்று ஆனாலோ நாறினாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள் என்றது.

ஸ்லாத்தினா அதோடு விடவில்லை. நூல் விட்ட பீப்பாயைக் காப்பாற்றியவர்கள் மட்டும் பேசுங்கள், மற்றவர்கள் வாயை மூடுங்கள் என்று குழுவில் எழுதினார். அவ்வளவு கூச்சலும் அடங்கிவிட்டது. வெகுநேரம் கழித்து ருமியானா என்ற பல்மருத்துவர் ஒருவர், தன் பீப்பாய் படத்தோடு பதில் எழுதினார். ஏஐ சொன்ன அதே வைத்தியம்தான், கூடவே ஒன்று: ரப்பர் குழாயை அடிவரை விட்டு வாயால் ஊத வேண்டும். ஏஐ அதற்குத் தயங்கியது. ஸ்லாத்தினா, செய்து பிழைத்தவர் பக்கம் போனார்.

பீப்பாயைப் பால்கனிக்கு நகர்த்தினார்கள். முதல் பாடத்துக்குப் போகுமுன் தினமும் ஸ்லாத்தினா மேலே ஏறிப் பார்ப்பார். மெத்தோடி குல்லாயோடு மண்டியிட்டு, கன்னம் உப்ப உப்ப ஊதிக்கொண்டிருப்பார். புதுத் தண்ணீரும் முதலில் கலங்கிப் பயமுறுத்தியது, பிறகு தெளிந்தது. புளிப்பு வாசனை படி இறங்கி ஸ்லாத்தினாவின் வாசல்வரை வந்தது. சந்தோஷம் தாங்காமல் மெத்தோடி அதே மறைத்த பெயரில் படம் போட்டார். கொட்டச் சொன்னவர்களே இதயம் இதயமாகக் குத்தினார்கள். நடுவில் இத்தாலியிலிருந்து ஒரு பதில்: "நீங்க யாரோ தெரியல, கெட்டிக்காரர். எங்க வீட்டு மனுஷனும் உங்ககிட்ட வந்து கத்துக்கணும்." ஸ்லாத்தினா விழுந்து விழுந்து சிரித்ததில் பக்கத்தில் இருந்த மாணவி பயந்து வண்டியை அணைத்துவிட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மதியம் கிங்கா வந்து சேர்ந்தார். கோஸ் இலையில் அரிசி சுருட்டும் சர்மிக்கு உதவ ஸ்லாத்தினாவும் அங்கே இருந்தார். கிங்கா கோட்டைக்கூடக் கழற்றாமல் நேரே பால்கனிக்குப் போனார். பீப்பாயைப் பார்த்தார், பக்கத்தில் கிடந்த ரப்பர் குழாயைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார்.

"மெத்தோ, அந்தக் கெட்டிக்காரன் நீதானா?"

 அந்த ஊர் வழக்கப்படி, ஆமாம் என்று மெத்தோடி தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். கிங்கா, ஊரார் விரும்பிக் குடிக்கும் அந்தப் புளித்த தண்ணீரை அடிக்குழாயில் ஒரு குவளை பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தார். பிறகு காலிக் குவளையைப் புருஷனிடம் நீட்டி, "இன்னொன்னு" என்றார்.

ஸ்லாத்தினா அலமாரியிலிருந்து தனக்கும் ஒரு குவளையை எடுத்துக்கொண்டு, கிங்காவின் பின்னால் வரிசையில் போய் நின்றார்.