பரோட்டா என்றால் மெல்ல இறக்கு

போன செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி. ஆலங்காயத்துக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் ஒரு கிராமம். ஒரு புளியமரத்தில், நாற்பது அடி உயரத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டு நான் தொண்டை கிழியக் கத்தினேன்.

"பரோட்டா!"

கீழே கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். "பாவம், பொண்ணுக்குப் பசி வந்துடுச்சு" என்றது ஒரு குரல்.

பசி இல்லை. அது ஒரு உத்தரவு. அறுத்துவிட்ட கிளை ஒன்று, கயிற்று முனையில், அந்த ஒரு சொல்லுக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தது.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பக்கத்தைப் புதிதாகப் படிப்பவர்களுக்காக... வீட்டின் மேலும் மின்கம்பியின் மேலும் சாய்ந்துவிட்ட கிளைகளைக் கயிறு கட்டி, துண்டு துண்டாகக் கீழே இறக்குவது என் தொழில். படித்தது மெக்கானிக்கல் டிப்ளமோ. ஏழு வருடமாகச் சொந்தத் தொழில். முதலாளி நான், டிரைவர் நான், மரம் ஏறுவதும் நான். கீழே நின்று கயிறு பிடிப்பவர் முனுசாமி அண்ணன். ஐம்பது வயது. என்னோடு சேரும் முன் லாரியில் லோடு கட்டிக்கொண்டிருந்தவர்.

ஞாயிற்றுக்கிழமை செல்வி அக்கா போன் செய்தார். அதுவரை அறிமுகம் இல்லை.

"மேடம், எங்க புழு வூட்டு மேல புளியங்கிளை ஒண்ணு வாய் பொளந்துக்கினு கீது. எப்ப வர்றீங்க?"

புழு வூடு என்றால் பட்டுப்புழு வளர்க்கும் கொட்டகை. திங்கட்கிழமை போய்ப் பார்த்தேன். வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன் மரத்தை மூன்று முறை சுற்றி வருவது என் பழக்கம். முதல் சுற்றில் மரத்தை மட்டும் பார்ப்பேன். இரண்டாவதில் மரத்துக்குக் கீழே இருப்பதை. மூன்றாவதில் அங்கே இருக்கும் மனிதர்களை.

மரம்: நல்ல மரம். ஒரே ஒரு பெரிய கிளை மட்டும் போன வாரக் காற்றில், அடிமரத்தோடு சேரும் இடத்தில், இரண்டு விரல் நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது.

கீழே: சிமென்ட் ஷீட் போட்ட கொட்டகை. உள்ளே மூன்று அடுக்குத் தட்டுகளில் புழுக்கள். இன்னும் இரண்டு நாளில் கூடு கட்டத் தொடங்கிவிடும் என்றார் செல்வி அக்கா. இந்த நிலையில் அவற்றை வேறு இடத்துக்கு மாற்ற முடியாது. மாற்ற இடமும் இல்லை.

கொட்டகைக் கதவில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. செருப்பைக் கழற்றவும். பிளீச்சிங் பவுடரில் கால் வைக்கவும். கை கழுவவும். பவுடர், சென்ட் போட்டவர்கள் வெளியே நிற்கவும். எல்லாம் அக்காவே கையால் எழுதியது, நம்பர் போட்டு. எனக்கு அந்த அக்காவை அப்போதே பிடித்துவிட்டது.

மனிதர்கள்: இங்கேதான் சிக்கல். செல்வி அக்காவின் கணவருக்கு வாணியம்பாடியில் தோல் கம்பெனி வேலை. நிலம் கணவருடைய அண்ணன் பேரில். அக்கா அவரை "மாமா" என்றுதான் கூப்பிடுகிறார். ஏற்கெனவே இரண்டு முறை வளர்த்த புழு நோய் வந்து செத்துப்போயிருக்கிறது.

"இந்தத் தபாவும் போச்சுன்னா மல்பெரியப் புடுங்கிட்டுக் கரும்பு நட்டுடுவேன்னு மாமா சொல்லிட்டாரு மேடம்" என்றார் அக்கா, குரலைத் தாழ்த்தி. "அவரு மேலயும் தப்பு இல்ல. ரெண்டு வருசமாப் பொறுத்துக்கினுதான் கீறாரு."

ஆக, அந்தக் கிளை விழுந்தால் போவது நாலு ஷீட் இல்லை. ஒரு பெண்ணின் தொழில்.

மாமா வந்தார். என்னைப் பார்த்தார். என் ஹெல்மெட்டைப் பார்த்தார்.

"இதுக்கு இன்னாத்துக்கும்மா கயிறு, கப்பி எல்லாம்? ஜேசிபியக் கூப்ட்டு ஒரு இழு இழுத்தா அரை அவர் வேலை."

"இழுத்தா கிளை எந்தப் பக்கம் வரும்ங்க?"

கிளையைப் பார்த்தார். கொட்டகையைப் பார்த்தார். "அது... பாத்து இழுக்கணும்."

"அந்தப் பாத்து இழுக்கறதுக்குத்தாங்க நான் வந்திருக்கேன்."

செல்வி அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். மெஷின் ரம்பம் கூடாது. பெட்ரோல் புகை பட்டால் புழு தின்பதை நிறுத்திவிடுமாம். சரி, கை ரம்பம். மூன்று மணி நேர வேலை ஆறு மணி நேரம் ஆகும். ஆகட்டும். முனுசாமி அண்ணனின் பீடிக்கட்டும் தீப்பெட்டியும் என் பைக்குள் வந்தன. அதுதான் அன்றைய நாளில் மிகக் கஷ்டமான வேலை.

இப்போது பரோட்டாவுக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்தில் வீடு என்றால் 'வூடு'. விடு என்றால் 'வுடு'. எழுதிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். காற்று அடிக்கும்போது, உயிர் போகிற அவசரத்தில், மரத்து மேலிருந்து கத்திப் பாருங்கள்... இரண்டும் ஒன்றுதான்.

இதை நான் எந்தப் பாடத்திலும் படிக்கவில்லை. செங்கம் பக்கத்தில் ஒரு வேப்பமரத்தில் கற்றுக்கொண்டேன். தொழிலுக்கு வந்த இரண்டாவது வருடம். அறுத்த கிளை, காற்றில் ஊஞ்சலாடி வீட்டுப் பக்கம் போனது. நான் பதறிப்போய், 'வீடு இருக்கிறது, ஜாக்கிரதை' என்ற அர்த்தத்தில் கத்தினேன்.

"வூடு! வூடு!"

முனுசாமி அண்ணன் விட்டுவிட்டார்.

குளியலறைக் கூரை போயிற்று. நல்லவேளை, உள்ளே ஆள் இல்லை. "இன்னாண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க?" என்று இறங்கி வந்து கேட்டேன். அவர் திகைத்துப்போய் நின்றார்.

"நீதான மேடம் வுடு வுடுன்னு கத்துன? ஒரு தபா சொன்னா யோசிப்பேன். ரெண்டு தபா சொன்னியே!"

தப்பு அவருடையது இல்லை. கயிறு எவ்வளவு எடை தாங்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். கப்பிக்குப் போட்டிருந்தேன். ஒரு சொல் எவ்வளவு தாங்கும் என்று போடவில்லை.

மறுநாளே உட்கார்ந்து வேறு சொற்களைத் தேடினோம். ஆங்கிலத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றேன். கயிற்றைத் தளர்த்த 'லூஸ்', பிடித்து நிறுத்த 'ஹோல்டு'. ஒரே ஒரு நாள்தான் ஓடியது.

"மரத்து மேலேந்து ஊரே பாக்குறாப்புல என்னை லூசுங்கற. அப்பால ஓல்டுங்கற. இன்னா மேடம் இது?"

நியாயம்தானே?

அன்று மதியம் ரோட்டோரக் கடையில் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் தோன்றியது. பதற்றத்தில் யாரும் கத்தாத சொல்லாக இருக்க வேண்டும். ஒன்றுபோல் இன்னொன்று ஒலிக்கக் கூடாது. வேடிக்கை பார்ப்பவர் வாயிலிருந்து தவறியும் வரக் கூடாது. எதிரில் தட்டில் இருந்தது விடை.

இட்லி என்றால், அசையாமல் பிடி. பரோட்டா என்றால், மெல்ல இறக்கு.

"வுடறதுக்கு வடைன்னு வச்சுக்கலாம் மேடம்" என்றார் முனுசாமி அண்ணன் உற்சாகமாக. வடை... வுடு... மறுபடியும் அதே வம்பு. நிராகரித்தேன். விடுவதற்குச் சொல்லே கிடையாது என்று முடிவானது. கிளை தரையைத் தொட்டால் கயிறு தானே தளரும்.

கடைசியாக ஒரு விதி. உலகத்தில் வேறு எந்தச் சொல் காதில் விழுந்தாலும், எதுவுமே விழாவிட்டாலும், அது இட்லி.

செவ்வாய்க்கிழமைக்கு வருவோம். பிளந்த கிளையை முதலில் மேலே உள்ள உறுதியான கவட்டையோடு இரண்டு கயிற்றால் கட்டினேன். ரம்பத்தை எடுக்கும் முன் கயிறு. இதில் சமரசமே இல்லை. பிறகு நுனியிலிருந்து ஒவ்வொரு துண்டாக. கீழ்ப்பக்கம் கொஞ்சம் அறுத்து, பிறகு மேல்பக்கம். இல்லாவிட்டால் பட்டை உரிந்துகொண்டு வரும். கயிறு கப்பி வழியாக இறங்கி, அடிமரத்தை மூன்று சுற்றுச் சுற்றி, முனுசாமி அண்ணன் கைக்குப் போகிறது.

ஐந்து துண்டு இட்லி, பரோட்டா, இட்லி, பரோட்டா என்று ஒழுங்காக இறங்கின. கூட்டத்துக்கு நல்ல பொழுதுபோக்கு. "சால்னா எப்ப வரும்?" என்று ஒருவர் கேட்டார்.

ஆறாவதுதான் பெரியது. அறுத்து முடிக்கவும் மலைப் பக்கமிருந்து ஒரு காற்று இறங்கவும் சரியாக இருந்தது. துண்டு கயிற்றில் சுழன்று, கொட்டகையைப் பார்த்துப் போனது. நேராக.

மாமா அலறினார். "வூடு! வூடு! புழு வூடு!"

செல்வி அக்காவும் சேர்ந்துகொண்டார். "ஐயோ, வூடு! வூடு!"

பிறகு கூட்டம் முழுக்க. இருபது வாய், ஒரே சொல்.

நான் கீழே பார்த்தேன். முனுசாமி அண்ணன் இரண்டு குதிகாலையும் மண்ணில் புதைத்து, பின்னால் சாய்ந்து, கண்ணை என் மேல் வைத்துக்கொண்டு நின்றார். கையில் ஒரு அசைவில்லை. கிளையைக்கூட அவர் பார்க்கவில்லை.

துண்டு ஷீட்டுக்கு ஒரு சாண் தள்ளிப் போனது. திரும்பி வந்தது. மறுபடி போனது... இந்த முறை இரண்டு சாண். நான் வாயைத் திறக்கவில்லை. ஆட்டம் அடங்கட்டும். எண்ணினேன். ஏழாவது ஆட்டத்தில் அது கொட்டகையிலிருந்து தள்ளியிருந்த வரப்புக்கு நேராக வந்து நின்றது.

"பரோட்டா!"

பூவை வைப்பதுபோல் வரப்பில் வைத்தார் மனிதர். ஒரு ஷீட்டில் ஒரு கீறல் இல்லை. மேலே தொங்கிக்கொண்டே நான் கை தட்டினேன். தொழில்முறைக்கு அது சரியில்லைதான். தட்டினேன்.

மாமா நேராக முனுசாமி அண்ணனிடம் போனார். "இம்மாம் பேரு கத்துறோம். உன் காதுல வுழலயா?"

"வுழுந்துச்சுங்க. ஆனா நீங்க சொன்னது எங்க மெனுவுலயே இல்லீங்க."

மாமா சிரித்துவிட்டார். மிச்சக் கிளையை நான் இறக்கி முடிக்கும்வரை, வேடிக்கை பார்த்தவர்களை "சத்தம் போடாதீங்கப்பா, அந்தம்மா சொல்றது மட்டும் கேக்கட்டும்" என்று அதட்டிக்கொண்டிருந்தார்.

கணியம்பாடியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். தோட்டக்கலை படித்துவிட்டு இதே தொழிலுக்கு வர ஆசையாம். முதலில் என்ன வாங்க வேண்டும் என்று கேட்டிருந்தார். தங்கையே, நல்ல கயிறு வாங்கு. அதைவிட நல்ல ஹெல்மெட் வாங்கு. உனக்கொன்று, கீழே நிற்பவருக்கொன்று. ரம்பத்தைக் கடைசியாக வாங்கு. காற்று அடிக்கும் நாளில் "நாளைக்கு வர்றேன்" என்று சொல்லக் கற்றுக்கொள், கூப்பிட்டவர் எவ்வளவு கோபித்தாலும். கயிறு பிடிக்கப் பலசாலியைத் தேடாதே. பலத்தை, அடிமரத்தைச் சுற்றிய மூன்று சுற்று பார்த்துக்கொள்ளும். பிடிவாதக்காரரைத் தேடு. இருபது பேர் கத்தும்போது ஒருவர் குரலுக்கு மட்டும் காத்திருப்பவர் லேசில் கிடைக்க மாட்டார். கிடைத்தால் பீடியைத் தவிர வேறு எதையும் அவரிடமிருந்து பிடுங்காதே.

அப்புறம், சொற்களை முதல் நாளே பேசி வைத்துக்கொள். இது மரத்துக்கு மட்டுமா? "வந்துக்கினே கீறேன்" என்று எலக்ட்ரீஷியன் போனில் சொன்னால் அவர் இன்னும் குளிக்கவில்லை என்று அர்த்தம். "பாத்துக்கலாம்" என்று மேனேஜர் சொன்னால் பார்க்க மாட்டார் என்று அர்த்தம். நாம் பாதி நாளை அடுத்தவர் சொன்னது வூடா, வுடுவா என்று தெரியாமலேயே ஓட்டுகிறோம். முக்கால்வாசி நேரம் தலைக்கு மேல் கிளை இல்லாததால் பிழைத்துக்கொள்கிறோம்.

சனிக்கிழமை செல்வி அக்கா போன் செய்தார். குரலே வேறு.

"மேடம்! நீங்க எறங்குன மறாநாளே இதுங்க ஏற ஆரம்பிச்சுடுச்சு. இப்ப முக்காவாசி கூடு கட்டியாச்சு. வெள்ளை வெளேர்னு, கல்லு மாதிரி கெட்டியா கீது. மாமாவே வந்து தட்டெல்லாம் தூக்கி வச்சாரு. அடுத்த தபாவுக்குப் புழு முட்டை எப்ப சொல்லணும்னு அவரே கேக்குறாரு!"

"மல்பெரி?"

"இன்னும் கால் ஏக்கரு நடலாமாம்."

கூடு கட்ட நேரம் வந்தால் புழுக்கள் இலையை விட்டுவிட்டு உயரத்தைத் தேடி ஏறுமாம். அக்கா ஒரு படமும் அனுப்பியிருந்தார். பெரிதாக்கிப் பார்த்தேன். நூற்றுக்கணக்கில், தலையைத் தூக்கிக்கொண்டு, ஒன்றை ஒன்று மிதித்துக்கொண்டு மேலே போகின்றன.

கயிறு இல்லை, ஹெல்மெட் இல்லை, கீழே பிடிக்க ஒரு ஆள் இல்லை... என் சைட்டாக இருந்தால் ஒன்றைக்கூட ஏற விட்டிருக்க மாட்டேன்.