மேலே இருப்பவர்களுக்கான பாண்

என்னுடைய ரப்போர்ட்டில் பிழை பிடிக்க எங்கள் முதியோர் இல்லத்தில் ஆள் கிடையாது. தலைக்கனத்தில் சொல்லவில்லை. பத்தொன்பது வருடமாகச் சுவிசில், ஓல்டன் நகரில் இந்த வேலையைச் செய்கிறேன். யார் என்ன சாப்பிட்டார், எப்படித் தூங்கினார், என்ன சொன்னார் என்று வேலை முடியும் முன் கணினியில் எழுதிவைக்க வேண்டும். அதுதான் ரப்போர்ட். என்னோடு வேலை செய்யும், இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் இரண்டு வரி தட்டிவிட்டு ரயிலுக்கு ஓடுவார்கள். நான் பத்து வரி எழுதுவேன்.

அந்தப் பழக்கம் அகதிக் காலத்தில் வந்தது. தஞ்சம் கேட்டு வந்தவளை ஒரு மேசைக்கு முன் இருத்தி, நான் சொன்னதையெல்லாம் ஒருவர் தட்டச்சு செய்தார். தாளில் ஏறியது நடந்தது, ஏறாதது நடக்கவில்லை. அவ்வளவுதான் சட்டம். அந்தப் பாடத்தைப் படித்தவள் எதையும் எழுதாமல் விடமாட்டாள்.

ரப்போர்ட்டுக்கு இன்னொரு விதியும் உண்டு. ஒருமுறை சேமித்தால் அழிக்க முடியாது. பிழை என்றால் கீழே புதிதாக எழுதலாம், பழையது அப்படியே இருக்கும்.

எங்கள் மூன்றாம் மாடியில் தொண்ணூறு கடந்த ஒரு அம்மா இருக்கிறார். மதியச் சாப்பாடு முடிந்ததும் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போய் அங்கேயுள்ள நீள வாங்கில் உட்கார்ந்துவிடுவார். எந்த ரயில் பிந்துகிறது என்று பார்ப்பதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. நாலு நிமிடம் பிந்திய ரயிலைக் கண்ட நாளில் திரும்பி வரும்போது முகத்தில் அப்படி ஒரு திருப்தி இருக்கும். எனக்கு அவரை நல்ல பிடிக்கும்.

ஒரு நாள் அவருடைய அலமாரியை ஒழுங்குபடுத்தியபோது லாச்சியை இழுத்தேன், உள்ளே கைத்துண்டில் சுற்றிய மூன்று பாண் துண்டுகள், சாப்பாட்டோடு கொடுக்கும் ரொட்டிதான், இருந்தன. காய்ந்து கல்லாகியிருந்தன. இது என்னத்துக்கு என்று கேட்டேன். பத்திரிகையிலிருந்து தலை தூக்காமலே, மேலே இருப்பவர்களுக்கு என்றார்.

மூன்றாம் மாடிக்கு மேல் எங்களிடம் கூரைதான் இருக்கிறது. யார் அந்த மேலே இருப்பவர்கள் என்று நான் கேட்கவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! நல்ல ஜெர்மனில், ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் எழுதினேன்: உணவை ஒளித்து வைக்கிறார், கூரைக்கு மேல் ஆட்கள் இருப்பதாக நம்புகிறார். எழுதிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்ச் சமைத்தேன்.

அடுத்த கிழமை டாக்டர் வந்தார். நானும் பக்கத்தில் நின்றேன். மேலே யாராவது இருக்கிறார்களா என்று அவர் அன்பாகத்தான் கேட்டார். அந்த அம்மா வாயை இறுக மூடிக்கொண்டார். டாக்டர் மூன்று தரம் கேட்டார். அதற்குப் பிறகு கேட்ட எதற்குமே பதில் இல்லை. இன்று என்ன கிழமை என்பதற்குக்கூட இல்லை.

முடிவு சுலபமாகப் போயிற்று. திங்கட்கிழமை அவரைக் கீழ்த்தளத்துக்கு, மறதி நோயாளிகளின் பிரிவுக்கு மாற்றுவது. அந்தப் பிரிவின் கதவு இலக்கம் அழுத்தினால்தான் திறக்கும். அந்த இலக்கம் வேலை செய்பவர்களுக்கு மட்டும் தெரியும். அங்கே போனவர்கள் தனியாக ரயில் பார்க்கப் போவதில்லை.

வியாழக்கிழமை பின்னேரம், சாமான் அடுக்க நான் காட்போட் பெட்டிகளோடு போனேன். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவர் பேசுவது சுவிஸ் ஜெர்மன். எனக்குள் அது எங்கள் தமிழாகத்தான் கேட்கும். அப்படியே தருகிறேன்.

“நீங்கள்தானே எழுதினது?”

ஓம் என்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதை அப்போதுதான் கேட்டேன்.

“மேலை ஆர் இருந்தவை?”

அவர் என் வெள்ளைச் சீருடையை ஒருமுறை பார்த்தார். பிறகு சொல்லத் தொடங்கினார். அவர் பிறந்தது சுவிசில், பிரான்சின் அல்சாஸ் எல்லையோரம் ஒரு பண்ணையில். இரண்டாம் உலக யுத்தத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் ஜெர்மன்காரரின் ஆட்சி. அங்கே கலியாணம் செய்து போயிருந்த அவருடைய சின்னம்மா, தப்பி ஓடிவந்த யூதர்களைத் தன் மாட்டுக்கொட்டகையில் ஒளித்துவைத்து, காட்டு வழியாக இந்தப் பக்கம் அனுப்புவார். இங்கே அவருடைய அப்பா அவர்களை வைக்கோல் பரணில் வைத்திருந்து, உள்நாட்டுக்குள் அனுப்பிவிடுவார். எல்லையில் சுவிஸ் பொலிசிடம் பிடிபட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதால் உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்கும்வரை பரண்தான். பாணுக்கு அப்போது பங்கீட்டு அட்டை. கூடுதலாக வாங்கினால் கிராமத்துக்கே தெரிந்துவிடும். ஆகவே மேசையில் இருந்த ஆறு பேரும் தங்கள் தங்கள் பாணில் ஒரு துண்டை மிச்சம் வைப்பார்கள். பிள்ளைகளும்தான். அது மேலே இருப்பவர்களுக்கு.

யுத்தம் முடிந்து பரண் வெறுமையான பிறகும் அந்த வீட்டில் யாரும் கடைசித் துண்டைச் சாப்பிட்டதில்லையாம். யாராவது கேட்டால் அதே பதில்தான் சொல்வார்கள். இவருக்கு வாழ்நாள் முழுக்க அது தொடர்ந்தது. மிச்சம் வைத்ததைக் காயவிட்டு, ஒரு காலை கோப்பியில் தோய்த்துத் தானே சாப்பிட்டுவிடுவார். இதில் பைத்தியம் எங்கே இருக்கிறது?

டாக்டருக்கு இதைச் சொல்லியிருக்கலாமே என்றேன். எனக்குக் கோபம்கூட வந்தது.

“ஒரு நாள் பொலிஸ்காரர் வந்து என்னட்டை அதையேதான் கேட்டவர். மேலை ஆரும் இருக்கினமோ எண்டு. எனக்கு ஒன்பது வயசு. அப்பிடி ஆர் கேட்டாலும் வாய் திறக்கக்கூடாது எண்டு அப்பா சொல்லித் தந்திருந்தவர். டாக்டர் கேக்கேக்கையும் வாய் தானாய் மூடிட்டுது.”

அந்தப் பொலிஸ்காரர் மேசையில் மிச்சமிருந்த ஆறு துண்டுகளையும் பார்த்தாராம். தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டாராம். அவருக்கும் விளங்கியிருக்கும் என்று அம்மா நினைக்கிறார்.

“எங்கடை அப்பாவுக்கு மறியலுக்குள்ளை போடுவினம் எண்டுதான் பயம். சின்னம்மாவுக்கு உயிர். அவவை ஒரு மாரிக் குளிரிலை ஜெர்மன்காரர் பிடிச்சுக்கொண்டு போனவங்கள். திரும்பி வரேல்லை.”

நான் அழுதேன். அந்தச் சின்னம்மாவுக்காக மட்டும் அழுதேன் என்றால் அது பொய்.

எனக்கு எட்டு வயதில் நாங்கள் கொழும்பில் இருந்தோம். தமிழர்களுக்கு எதிரான கலவரம் தொடங்கியபோது எங்களை அடுத்த வீட்டு அன்ரி, ஒரு சிங்களப் பெண், தன் களஞ்சிய அறைக்குள் தள்ளிப் பூட்டினார். மாசிக் கருவாடு மணக்கும் அறை அது. நாங்கள் ஐந்து பேர், இரண்டு நாள். அவர் வாசலில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டே, வாளோடு வந்தவர்களிடம் அவர்கள் நேற்றே போய்விட்டார்கள் என்றார். துருவலகின் சத்தம் நிற்கவேயில்லை. நின்றால் நாங்கள் செத்தோம் என்று என் அம்மா எங்கள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். இரண்டு நாளும் அன்ரி தந்தது பாணும் சம்பலும். அவருடைய பிள்ளைகள் அந்த இரண்டு நாளும் எதைச் சாப்பிட்டார்கள் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

சுவிசுக்கு வந்து விசாரணைக்குப் போக முதல், எனக்கு முன் வந்திருந்த ஒரு அண்ணை புத்தி சொன்னார்.

“சிங்களவர் காப்பாத்தினது எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ தங்கச்சி. அப்ப அங்கையே இருந்திருக்கலாமே எண்டு கேப்பினம். கேஸ் பழுதாப் போகும்.”

எங்கள் ஆட்கள் பலருக்கும் அந்தப் புத்தி கிடைத்தது. நானும் கேட்டேன். கோயிலுக்குள் ஒளிந்திருந்தோம் என்று சொன்னேன், அது தாளில் ஏறியது. அன்ரி ஏறவில்லை. எழுதப்படாதது நடக்கவில்லை என்று நம்புகிறவள் நான். அப்படியென்றால் அன்ரியை என்ன செய்தேன்?

இதையெல்லாம் அந்த அம்மாவிடம் சொன்னேன். கடைசியில் அவர் லாச்சியைத் திறந்து, அன்று மத்தியானம் மிச்சம் வைத்த துண்டை என் கையில் வைத்தார். சாப்பிட்டேன்.

பெட்டிகளை அங்கேயே விட்டுவிட்டுக் கீழே போய்க் கணினி முன் உட்கார்ந்தேன். முன்னைய என் குறிப்பு பிழை, காரணம் கேட்காமல் எழுதினேன் என்று தொடங்கினேன். பரண், பங்கீட்டுப் பாண், ஆறு துண்டு, பொலிஸ்காரரின் கேள்வி எல்லாம் எழுதினேன். இவருடைய ஞாபகம் என்னுடையதைவிட நல்லது என்று எழுதினேன். கடைசியாக, எழுதுபவரும் எட்டு வயதில் கொழும்பில் ஒரு சிங்களப் பெண்ணின் வீட்டில் மறைந்திருந்து உயிர் தப்பியவர் என்று சேர்த்து, சேமித்தேன்.

மாடிப் பொறுப்பாளர் வாசித்துவிட்டு நேரே மேலே அம்மாவிடம் போனார். வெள்ளிக்கிழமை டாக்டர் மறுபடி வந்தார். இந்தமுறை அவர் கேட்டது பரணில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று. அம்மா முக்கால் மணிநேரம் பேசினார், அன்று என்ன கிழமை என்பதையும் கேளாமலே சொன்னார். மாற்றம் ரத்தானது. திங்கட்கிழமை அவர் வழக்கம்போல ரயில் நிலைய வாங்கில் இருந்தார்.

அன்று பின்னேரம் பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டார். எல்லாம் சரி, ஆனால் கடைசி வரி உங்களுடைய சொந்த விஷயம், அது இங்கே இருக்கக்கூடாது என்றார்.

அழிக்க முடியாது என்றேன். வேண்டுமென்றால் கீழே நீங்கள் ஏதாவது எழுதலாம் என்றேன்.

அவர் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு என் வரிக்குக் கீழே, ‘வாசித்தேன்’ என்று அடித்துச் சேமித்தார்.