அக்கா பார்த்த கடல்

ஓசூர்ப் பக்கம் வளர்ந்த பிள்ளைக்குக் கடல் என்றால் பாடப் புத்தகத்தில் இருக்கும் நீலக் கலர்தான். மத்திகிரியில் நாங்கள் வாடகைக்கு இருந்த லைன் வீடுகளில் யாருமே கடலைப் பார்த்ததில்லை. அப்பா வேலை செய்த கம்பெனியில், சென்னைக் கடற்கரையில் குப்பை பொறுக்க ஆள் கேட்டார்கள். சம்பளம் கிடையாது, சேவைதான். ஆனால் பஸ், சாப்பாடு, ஒரு டீ-ஷர்ட், நீலத் தொப்பி எல்லாம் உண்டு. வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டி வரலாம்.

அந்த ஒருவர் நான்தான் என்று சாமி படத்து முருகனிடம் சொல்லி வைத்துவிட்டேன். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. அக்கா பிளஸ் டூ முடித்திருந்தாள். நர்ஸ் படிக்க வேண்டும், நர்ஸ் படிக்க வேண்டும் என்று வீடு முழுக்க அவள் பேச்சாகவே இருந்தது. கொஞ்ச நாளாகத்தான் அந்தப் பேச்சு நின்றிருந்தது. எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

முருகன் தலையிலேயே எல்லாவற்றையும் போடாமல் நானும் உழைத்தேன். அப்பா ஷிப்ட் முடிந்து வரும் நேரமாகப் பார்த்து, சாக்கடையோரம் கிடந்த பால் கவரையும் சிப்ஸ் கவரையும் கோணியில் பொறுக்கினேன். பக்கத்து வீட்டுக் கன்னடக்கார ஆன்ட்டி வாசலில் நின்று, "ஏனம்மா, முனிசிபாலிட்டில வேலை கெடச்சிருச்சா?" என்று சிரித்தார்.

அப்பா கோணியைப் பார்த்தார். என் தலையைத் தடவினார். சாப்பிட உட்கார்ந்தபோது, "அக்கா வரட்டும் பாப்பா. நீ இன்னொரு வாட்டி வரலாம்" என்றார்.

"தின்ன தட்டக்கூட எடுக்க மாட்டா! இவ போயி கடலச் சுத்தம் பண்ணப் போறாளா?"

மற்ற நாளாக இருந்தால் அம்மா கையால் முதுகில் ஒன்று விழுந்திருக்கும். அன்று அம்மா பேசாமல் குழம்பு ஊற்றினாள். அக்காவும் வாய் திறக்கவில்லை. ஜெயித்தவள் எதற்குப் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்கள் கிளம்பியதும் சாமி படத்தின் முன் நின்று, பஸ் பஞ்சர் ஆக வேண்டும் என்று வேண்டினேன். அப்பாவுக்கு மட்டும் ஒன்றும் ஆகக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொண்டேன்.

பஸ்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்கா மூக்கெல்லாம் தோல் உரிந்து, நீலத் தொப்பியோடு வந்து இறங்கினாள். கடல் எப்படி இருந்தது என்று நான் கேட்கவில்லை. அம்மா கேட்டாள், நான் காதை மட்டும் அங்கே வைத்தேன்.

"எங்கம்மா பாத்தேன், குனிஞ்சே கெடந்தேன். ஒத்தச் செருப்பு, பாட்டிலு, கவரு... அள்ள அள்ள வந்துட்டே இருக்குது. ஒரு புள்ளையாரு கையி கெடந்துச்சும்மா, கொழுக்கட்டையோட. குப்ப மூட்டையில எப்பிடிப் போடறது? கன்னத்துல போட்டுக்கிட்டு, திரும்பத் தண்ணியில விட்டேன். அலை கொண்டாந்து என் காலுகிட்டயே போடுது. நானும் விட விட, அதுவும் போடப் போட... அங்க இருந்த சாரு, 'ஏம்மா, நீ கடலச் சுத்தம் பண்ண வந்தியா, குப்பையாக்க வந்தியா'ன்னு திட்டறாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அதிலும் எரிச்சல். பிள்ளையார்கூட அவளிடம்தான் திரும்பத் திரும்பப் போயிருக்கிறார்.

சாயங்காலமே அக்காவுக்குக் காய்ச்சல் அடித்தது. வெயில்தான். அம்மா விடவில்லை. உப்பும் மிளகாயும் எடுத்து, "ஊரு கண்ணு, ஒறவு கண்ணு, நல்ல கண்ணு, நொள்ளக் கண்ணு" என்று சுற்றி, வாசலில் நெருப்பில் போட்டாள். மிளகாய் வெடித்தது. துளி நெடி இல்லை.

"பாத்தியா, கமறவே இல்ல! எவ கண்ணோ, கொள்ளிக் கண்ணு!"

எவள் கண் என்று எனக்குத் தெரியும். போர்வைக்குள் போய்ப் படுத்துக்கொண்டேன்.

காய்ச்சல் விட்ட மறு வாரமே அக்கா ஒரு கம்பெனியில் அசெம்பிளி லைன் வேலையில் சேர்ந்தாள். படிப்பு கிடையாது, வேலைதான் என்று கடலுக்குப் போகும் முன்பே வீட்டில் முடிவாகியிருந்தது. என்னிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் என் காதில் ஏறியிருக்காது. நான் பார்த்ததெல்லாம் அவளுக்கு வந்த புது யூனிஃபார்மையும், கழுத்தில் தொங்கிய போட்டோ போட்ட அட்டையையும், தெருமுனைக்கே வந்து நின்ற பஸ்ஸையும்தான். ஒரு நாள் பஸ்ஸுக்கே அத்தனை வயிறு எரிந்தவள் நான். இப்போது அவளுக்குத் தினமும் பஸ்.

முதல் நாள் விடியற்காலையில் அக்கா தன் நீலத் தொப்பியை எடுத்து என் தலையில் வைத்தாள். "இனி நீயே வச்சுக்க பாப்பா. அங்க வேற தொப்பி தருவாங்க" என்றாள். அதில் உப்பு வாசம் அடித்தது. அப்பா பஸ் கதவு வரைக்கும் அவள் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தாள். நான் தொப்பியோடு நின்று கை ஆட்டினேன். அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பஸ் திரும்பும் வரைக்கும் இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

கடலைப் பார்த்துவிட்டு வந்த திமிர் என்று நினைத்துக்கொண்டேன்.