குறையில்லாத பிரேக்

திருக்காட்டுப்பள்ளியிலிருந்து கண்டியூர் போகும் சாலையில் ரெஜினின் பட்டறை இருக்கிறது. பிரேக் வேலை மட்டும்தான் பார்ப்பான். இன்ஜின் கோளாறு என்று யாராவது வந்தால் அடுத்த பட்டறைக்குக் கை காட்டிவிடுவான். வண்டியை ஓட வைக்க ஊர்ப்பட்ட ஆள் இருக்கிறார்கள், நிறுத்திக் கொடுக்கத்தான் ஆள் இல்லை என்று கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்வான். நாற்பதைத் தாண்டியவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

இந்தப் பக்கத்தில் பிரேக் வேலை பார்ப்பவனுக்குத் தீராத எரிச்சல் ஒன்று உண்டு. ஹேண்ட் பிரேக் என்று ஒன்று வண்டியில் இருப்பதே யாருக்கும் நினைவிருக்காது. அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை வயல். விட்ட இடத்தில் வண்டி நிற்கும். மேடு என்றால் ஆற்றங்கரை, அதை விட்டால் பாலம். அங்கே நிறுத்த வேண்டி வந்தால் சக்கரத்துக்கு ஒரு செங்கல்லை முட்டுக் கொடுப்பார்கள். இழுக்காமலே கிடந்து கேபிள் துருவேறி ஒட்டிப் போயிருக்கும். ரெஜின் அதைக் கழற்றிக் காட்டித் திட்டுவான். "சரிங்க, இனிமே இழுக்குறோம்" என்பார்கள். இழுக்க மாட்டார்கள்.

ஊரைத் திட்டுகிற ரெஜினும் ஒரு விஷயத்தில் யார் சொன்னாலும் கேட்க மாட்டான். குடமுருட்டி ஆற்றின் கரைச் சாலையில் கால் வைக்க மாட்டான். எவ்வளவு அவசரம் என்றாலும் சுற்றிக்கொண்டுதான் போவான். அந்தக் கரையிலிருந்துதான் அவன் அண்ணன் ஜெனித் காரோடு ஆற்றுக்குள் போனான்.

அது நடந்து ஏழெட்டு வருஷம் ஆகிறது. துபாயில் வேலை போய் ஜெனித் ஊருக்கு வந்திருந்த சமயம். வீட்டில் தினமும் சண்டை. ஆறு கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மத்தியானம், மாடு மேய்த்தவர்கள் தண்ணீருக்குள் காரின் கூரையைப் பார்த்துக் கத்தினார்கள். கிரேன் வைத்துத் தூக்கியபோது ஜெனித் உள்ளேயே இருந்தான்.

பிரேக்கைப் பார்த்துச் சொல்லும்படி போலீஸ்காரர் ரெஜினைத்தான் கேட்டார். செத்தவனின் தம்பியாயிற்றே என்று யாரும் யோசிக்கவில்லை. ஊரில் பிரேக் என்றால் அவன்தான். சேறு வடிய நின்ற காருக்கு அடியில் போய்ப் படுத்தான். பைப்பில் கசிவு இல்லை. ஆயில் குறையவில்லை. பேடு புதுசு. சாவி ஆன் நிலையில் இருந்தது. கியர் நியூட்ரலில் கிடந்தது. இழுப்பதற்காகக் கிரேன்காரர்கள் தள்ளியிருப்பார்கள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். ரெஜின் எழுந்து வந்து, "பிரேக்ல ஒரு குறையும் இல்லைங்க" என்றான்.

கண்ணால் கண்டதைத்தான் சொன்னான். ஆனால் பிரேக்கில் குறை இல்லையென்றால் வேறு எங்கே இருந்தது? ஊர் உடனே முடிவுக்கு வந்துவிட்டது. ஜெனித் வேண்டுமென்றே விட்டிருக்கிறான். சர்ச் சாமியார் மறுப்பில்லாமல் அடக்கம் செய்து வைத்தார், ஆனாலும் குசுகுசுப்பு அடங்கவில்லை. கல்லறைத் திருநாளில் ஊரே மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருக்கும். ஜெனித்தின் மனைவி ஜூலியட் மட்டும் அந்தப் பக்கம் வரமாட்டாள். மகள் ஜாஸ்லின் திருச்சியில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள். அப்பா பேச்சை எடுத்தால் போனை வைத்துவிடுவாள். "நாங்க வேண்டாம்னுதானே சித்தப்பா போனார்?" என்று ஒரே ஒரு தடவை ரெஜினிடம் கேட்டிருக்கிறாள்.

அதற்குப் பிறகுதான் ரெஜினுக்கு அந்தக் கனவு வர ஆரம்பித்தது. ஜெனித் காருக்குள் உட்கார்ந்திருப்பான். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டும். கண்ணாடியை இறக்கி, "பிரேக் நல்லா இருக்காடா?" என்று கேட்பான். "நல்லாத்தான் இருக்கு அண்ணே" என்று ரெஜின் சொல்வான். சொன்னதும் கார் நகரும். வேறு பதில் சொல்ல வேண்டும் என்று கனவிலேயே அவனுக்குத் தெரியும். வாயில் அதுதான் வரும்.

போன மாதம் குணசேகரன் தன் காரைக் கொண்டுவந்தான். நில புலம் உள்ள வீட்டுப் பிள்ளை. சிங்கப்பூரில் வேலை, விடுமுறைக்கு வந்திருந்தான். எட்டு சிலிண்டர் வண்டி. பட்டறைக்குள் நுழைந்தபோது தகரக் கூரை அதிர்ந்தது.

"அண்ணே, லைன் லாக் பிடிக்க மாட்டேங்குது. சென்னையில ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி மானம் போச்சு."

லைன் லாக் என்பது பந்தயக்காரர்களின் சமாசாரம். பிரேக்கை அழுத்தி மிதித்து, சுவிட்சைப் போட வேண்டும். முன் சக்கரங்களுக்குப் போன ஆயில் திரும்பி வராதபடி ஒரு வால்வு அடைத்துக்கொள்ளும். பிறகு பெடலிலிருந்து காலை எடுத்தாலும் முன் சக்கரம் பூட்டியே நிற்கும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றி, புகை கிளப்பி, டயர் சூடேறும். குணசேகரனின் காரில் முன் சக்கரம் கொஞ்ச நேரம் பிடித்துவிட்டுப் பிறகு நழுவியது.

இந்தச் சாமானை ரெஜின் அதற்கு முன் ஒரே ஒரு காரில்தான் பார்த்திருந்தான். ஜெனித் துபாயிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து தானே மாட்டிக்கொண்டது. வெட்டி பந்தா என்று ரெஜின் அப்போது சிரித்தான்.

லைனில் காற்று இருக்கும் என்று முதலில் நினைத்தான். காற்றை எடுத்தான், சரியாகவில்லை. பைப்பை மாற்றி மாட்டியிருக்கிறார்களா என்று பார்த்தான், சரியாகத்தான் இருந்தது. வால்வைப் பிரித்துத் துடைத்தான். தூசி தும்பு இல்லை. கடைசியில் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இன்ஜினை அணைத்துச் சாவியை மட்டும் ஆனில் விட்டு, லாக்கைப் போட்டான். சக்கரத்தைக் கையால் திருப்பிப் பார்த்தான். இரும்புத் தூண் மாதிரி நின்றது. "சரியாத்தானே இருக்கு" என்று முனகிவிட்டு டீக்கடைக்குப் போனான்.

திரும்பி வந்து சும்மா கையை வைத்தான். சக்கரம் சுற்றியது. சத்தமே இல்லை. அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டிருந்த யாரோ மெல்லக் கையை எடுத்துவிட்டது போல இருந்தது. 

மீட்டரை எடுத்தான். வால்வுக்குப் போகும் ஒயர் மெல்லியது. எர்த்தைப் பெயின்ட்டின் மேலேயே முறுக்கியிருந்தார்கள். போதிய கரண்ட் வரவில்லை. வந்த கொஞ்சத்திலும் வால்வுக்குள் இருக்கும் கம்பிச்சுருள் தொட முடியாதபடி கொதித்தது. சூடேற ஏறப் பிடி தளர்ந்துவிட்டது. சுவிட்சை அணைத்தான். ஆறவிட்டு மறுபடியும் போட்டான். கனகச்சிதமாகப் பிடித்தது. கசிவு இல்லை, ஆயில் குறையவில்லை, பேடில் ஒன்றுமில்லை. எதுவுமே நடக்காதது போல இருந்தது.

"குணா, இதை எப்பல்லாம் போடுவீங்க?"

"பந்தயத்துக்குத்தாண்ணே. அப்புறம், ஆத்தங்கரையில நிறுத்தும்போது போட்டுக்குவேன். கீழ இறங்கிக் கல்லு தேட வேணாம் பாருங்க. சாவிய ஆன்ல விட்டா பாட்டும் கேக்கலாம்."

"கியரு?"

"நியூட்ரல்தான். பிடிச்சுக்கிட்டு நிக்குதே."

ஜெனித்தின் காரிலும் சாவி ஆனில்தான் இருந்தது, கியர் நியூட்ரலில்தான் கிடந்தது. ஹேண்ட் பிரேக் இழுக்கத் தெரியாத ஊரில் பிறந்தவன் வேறு எப்படிச் செய்வான்! ஜெனித் சண்டை போட்ட நாளெல்லாம் கரையில் காரை நிறுத்திவிட்டுத் தூங்குவான் என்பது ரெஜினுக்குத் தெரியும். பிடித்துக்கொண்டு நிற்கிறதே என்று நம்பித் தூங்கியிருக்கிறான். காருக்கடியில் படுத்துக் கிடந்த அந்த நாள் முழுக்கக் கண் முன்னால் வந்தது. அத்தனையும் பார்த்தான், அந்த வால்வை மட்டும் விளையாட்டுச் சாமான் என்று விட்டுவிட்டான். பார்த்திருந்தாலும் அது ஆறிப்போய், ஒன்றும் அறியாததாய்த்தான் இருந்திருக்கும். அந்த நினைப்பு அவனுக்கு ஆறுதலாக இல்லை.

சாயந்திரத்துக்குள் புது ஒயர் இழுத்தான். எர்த்துக்குப் பெயின்ட்டைச் சுரண்டினான். சுவிட்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு, விரலை எடுத்தால் விட்டுவிடும் பட்டனாக மாற்றினான். குணசேகரன் முகம் சுளித்தான். "அழுத்திக்கிட்டே இருக்கணுமாண்ணே?" என்றான். "ஆமா. தூங்கிட்டா அழுத்த முடியாது" என்று ரெஜின் சொன்னது அவனுக்கு விளங்கவில்லை.

கிரீஸ் கையோடு அண்ணி வீட்டுக்குப் போனான். ஜூலியட் தையல் மெஷினில் இருந்தாள். ரெஜின் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். சுவிட்ச், சூடு, நியூட்ரல், தூக்கம். சொல்லச் சொல்ல அவள் மெஷினிலிருந்து காலை எடுத்தாள். 

"அன்னிக்குக் காலையில நான் என்ன சொன்னேன் தெரியுமா தம்பி?"

"தெரியாது அண்ணி."

"அந்தக் காரைக் கட்டிக்கிட்டே சாவுங்கன்னு சொன்னேன். இத்தனை வருஷமா, நான் சொன்னதைச் செஞ்சுட்டுப் போயிட்டாருன்னே நெனச்சுக்கிட்டு இருந்தேன்." அவனை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களும் பிரேக்ல குறை இல்லேன்னுட்டீங்க."

ரெஜினால் தலையை நிமிர்த்த முடியவில்லை. அவள் அழுது அவன் பார்த்ததில்லை, அடக்கத்தன்றுகூட. இப்போது சத்தம் போட்டே அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, போனை எடுத்து எண்ணைப் போட்டு அவனிடம் நீட்டினாள்.

"நான் சொன்னா நம்ப மாட்டா. நீங்க சொல்லுங்க."

மணி அடித்தது. எடுத்ததும், "பாப்பா, நான் சித்தப்பா பேசுறேன்" என்றான். ஓடுகிற மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவே ஜாஸ்லினின் குரல் வந்தது.

"சொல்லுங்க சித்தப்பா. எதுக்கு அம்மா போன்ல இருந்து? அம்மாவுக்கு என்ன?"

"அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல பாப்பா. போனை வெச்சுடாத, கேளு. அன்னிக்கு உங்கப்பா தூங்கிட்டு இருந்தாருடா. முழிச்சிருந்தா வீட்டுக்கு வந்திருப்பாரு."